பிரஷர் கேஜ் வாங்குவதும் பேணுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்து அரிசி ஆலைப் பாயிலர், தூத்துக்குடி ஐஸ் பிளாண்ட், கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பரசர் அறை, களக்காட்டு வாழைத் தோட்டத்துச் சொட்டுநீர் ஃபில்டர். நான்கிலும் இருப்பது பார்வைக்கு ஒரே மாதிரியான வட்டமான பிரஷர் கேஜ், அதாவது அழுத்தமானிதான். ஆனால் ஒன்றில் பத்து வருஷம் உழைக்கும் கேஜ் இன்னொன்றில் பத்து நாள் தாங்காது. அடிக்கடி வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தந்திருக்கிறோம்.

கடையில் "பத்து கிலோ கேஜ் ஒன்று" என்று கேட்டால் போதாதா?

போதாது. (கிலோ என்று இங்கே சொல்வதெல்லாம் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அழுத்தம்.) கடைக்காரர் 0–10 டயல் உள்ள பித்தளை கேஜை எடுத்துத் தந்துவிடுவார், அவர்மேல் தப்பில்லை. கேஜைக் கெடுப்பது பெரும்பாலும் அழுத்தம் அல்ல; உள்ளே வருகிற பொருளும் சூடும் துடிப்பும்தான். கேட்கும்போதே இப்படிக் கேளுங்கள்: "அண்ணாச்சி, நெல் அவிக்கிற பாயிலருக்கு. ஸ்டீம். வேலை அழுத்தம் ஏழு கிலோ. ஆறு இஞ்சு டயல், கீழ்வாய், அரை இஞ்சு பி.எஸ்.பி. சைபனும் காக்கும் சேர்த்துக் கொடுங்க." இந்த ஒரு பேச்சில் பொருள், சூடு, அழுத்தம், டயல், லைனோடு சேரும் வாய், திரெட் எல்லாம் வந்துவிட்டன. பி.எஸ்.பி. என்பது ஒரு திரெட் வகை, சைபன் சூட்டைத் தடுக்கும் வளைந்த குழாய், காக் திருப்பித் திறந்து மூடும் சிறு வால்வு. பம்பு, பிரஸ், கம்பரசர் என்றால் "அதிர்வு இருக்கு" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேஜுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

தட்டையாக்கி ஆங்கில 'C' எழுத்துபோல வளைத்த ஒரு உலோகக் குழாய். ஒரு முனை வாயோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மறுமுனை அடைபட்டிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால், திருவிழாக் கடையில் விற்கும் சுருள் ஊதலை ஊதினால் விரிவதுபோல, குழாய் சற்றே நிமிரப் பார்க்கும். அந்த நிமிர்வு சில மில்லிமீட்டர்தான். அதை ஒரு இணைப்புத் தகடும் பல்சக்கரமும் பெரிதாக்கி முள்ளைச் சுற்றவைக்கின்றன. பிரான்சின் யூஜீன் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அதனால் இதை இன்றும் போர்டன் குழாய் என்கிறோம்.

கேஜில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை மூன்றில் அடங்கும்: குழாய் நிரந்தரமாக நிமிர்ந்துவிடுவது, பல் தேய்வது, குழாய்க்கு வரும் வழி அடைபடுவது.

ரேஞ்ச் எப்படி முடிவு செய்வது?

நிலையாக நிற்கும் அழுத்தமென்றால் வேலை அழுத்தம் முழு அளவில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. ஏறி இறங்கித் துடிக்கும் அழுத்தமென்றால் மூன்றில் இரண்டு பங்குக்குள் நிறுத்துங்கள். கம்பரசரின் காற்றுத் தொட்டியில் 7 கிலோ நிற்கிறது என்றால் 0–10 சரி. அதே 7 கிலோவைப் பிஸ்டன் கம்பரசரின் ஹெட்டிலேயே பார்ப்பதென்றால் 0–16 போடுங்கள்.

பாயிலருக்கு வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை டயல் இருக்கட்டும். 10.54 கிலோ பாயிலருக்கு 0–16 அல்லது 0–21. அனுமதித்த உச்ச அழுத்தத்தில் டயலில் சிவப்புக் கோடு இருக்க வேண்டும். அந்தக் கோட்டைக் கண்ணாடிமேல் பெயின்ட்டால் போடாதீர்கள். கண்ணாடி சுழன்றால் கோடும் இடம் மாறும்.

"பெரிய ரேஞ்ச் போட்டால் பத்திரம்தானே" என்று 4 கிலோ லைனில் 0–40 மாட்டுவதும் தப்பு. முள் பத்தில் ஒரு பங்கிலேயே நிற்கும். அரை கிலோ குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

டயலில் "1.6" என்று சிறியதாக அச்சிட்டிருக்கிறதே, அது என்ன?

துல்லிய வகுப்பு. முழு அளவில் அத்தனை சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்று பொருள். 0–16 கேஜில் 1.6 வகுப்பு என்றால் பிழை ±0.256 கிலோ, டயலின் எந்த இடத்திலும். 12 கிலோவில் அது பெரிதல்ல. அதே கேஜில் 2 கிலோவைப் படித்தால் அந்த 0.256 என்பது படித்த அளவில் 13 சதவீதத்துக்கு அருகில். அளவின் தொடக்கப் பகுதியில் படிக்காதீர்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆலைப் பயன்பாட்டுக்கு 1.6 அல்லது 1 போதும். சோதனை மேசைக்கு 0.6, 0.25. கேஜ் வாங்கும்போது டயலில் ஐ.எஸ். 3624 (இந்தியத் தரம்) அல்லது ஈ.என். 837 (ஐரோப்பியத் தரம்) என்ற தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கேஜின் துல்லியம் 20 டிகிரி செல்சியஸில் சொல்லப்படுவது. கேஜின் சூடு அதிலிருந்து 10 டிகிரி விலகும்போதெல்லாம் சுமார் 0.4 சதவீதம் கூடுதல் பிழை வரலாம். சித்திரை மாதம் தகர ஷெட்டில் 40 டிகிரியில் தொங்கும் கேஜில் 0.8 சதவீதம் இப்படியே போய்விடும். அங்கே 0.6 வகுப்பு கேஜுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பயனில்லை.

கிலோ, பார், பி.எஸ்.ஐ: எதை வாங்குவது?

ஆலையில் ஏற்கெனவே எது ஓடுகிறதோ அதையே. 1 பார் என்பது 1.02 கிலோ, 14.5 பி.எஸ்.ஐ. (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு). 1 கிலோ என்பது 14.22 பி.எஸ்.ஐ. கிலோவும் பாரும் இரண்டு சதவீதம்தான் விலகுகின்றன, மாறிப்போனாலும் ஆபத்தில்லை. பி.எஸ்.ஐ. டயலைக் கிலோ என்று படித்தால்தான் விபரீதம். பழைய மெஷினுக்கு இரட்டை அளவு டயல் வாங்கினால் ஷிப்ட் மாறும்போது குழப்பம் வராது.

ஸ்டீம் லைனுக்கு சைபன் கட்டாயமா?

கட்டாயம், பேச்சே வேண்டாம். சாதாரணப் பித்தளைக் கேஜின் உள்மூட்டுகள் ஈயப்பற்றில் நிற்பவை. உள்ளே வரும் பொருள் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 7 கிலோ ஸ்டீம் 170 டிகிரியில் இருக்கும். சைபன் என்ற வளைந்த குழாய்க்குள் நிற்கும் தண்ணீர்தான் அந்தச் சூட்டைத் தடுக்கிறது. பைப்பின் பக்கவாட்டிலிருந்து எடுத்தால் யூ வடிவ சைபன், மேலிருந்து எடுத்தால் சுருள் சைபன்.

பலரும் விட்டுவிடுகிற வேலை ஒன்று உண்டு. கேஜ் மாட்டும் முன்பே சைபனில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். "ஸ்டீம் வந்தா தானா தண்ணி ஆயிரும்" என்று விட்டால், தண்ணீர் சேரும் வரை முதல் சில நிமிடம் கொதிஸ்டீம் நேரே குழாய்க்குள் போகும். புதுக் கேஜ் முதல் நாளிலேயே ஒருபக்கமாக நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சைபனைக் கழற்றிச் சுத்தம் செய்த ஒவ்வொரு முறையும் மறுபடி நிரப்புங்கள்.

போர் தண்ணீர் உப்புக் கூடுதலாக இருக்கும் பக்கங்களில், பாயிலர் தண்ணீரைச் சரியாக மென்மையாக்காவிட்டால் சைபன் உள்ளே செதில் கட்டி அடைத்துக்கொள்ளும். அடைபட்ட சைபனின் கேஜ் பழைய அளவிலேயே அசையாமல் நிற்கும். ஸ்டீம் ஏறிக்கொண்டே போகும், முள்ளோ ஆறு கிலோவில் அமைதியாக நிற்கும். கேஜே இல்லாத பாயிலரில் ஆள் எச்சரிக்கையாகவாவது இருப்பார். இதை நம்பி நிற்பவருக்கு அதுவும் இல்லை.

அதனால் லைன், கேஜ், வெளிக்காற்று மூன்றுக்கும் வழி உள்ள மூவழிக் காக் போடுங்கள். ஷிப்ட் தொடக்கத்தில் காக்கைத் திருப்பி கேஜைக் காற்றுக்குத் திறந்தால் முள் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். திரும்ப லைனுக்கு வைத்தால் உடனே பழைய இடத்துக்கு ஏற வேண்டும். விழ மறுத்தாலும், ஏறுவதற்கு நேரம் எடுத்தாலும், வழியில் அடைப்பு அல்லது கேஜில் கோளாறு. அரை நிமிட வேலை இது. காக் திறக்கும் பக்கம் முகத்தைக் கொண்டுபோக வேண்டாம், கொதிநீர் தெறிக்கும். சைபன் தண்ணீர் வெளியேறும் அளவுக்கு நெடுநேரம் திறந்துவைக்கவும் வேண்டாம்.

கேஜைப் பாயிலர் உயரத்திலிருந்து கண்மட்டத்துக்கு இறக்கி வைத்திருக்கிறோம். அளவு மாறுமா?

மாறும். 10 மீட்டர் தண்ணீர் உயரம் என்பது 1 கிலோ. ஸ்டீம் எடுக்கும் இடத்துக்கு 3 மீட்டர் கீழே கேஜ் இருந்து, குழாய் முழுக்கத் தண்ணீர் நின்றால் 0.3 கிலோ கூடுதலாகக் காட்டும். கேஜுக்குப் பக்கத்தில் தகடு அடித்து "0.3 கழிக்கவும்" என்று எழுதிவையுங்கள். குடிநீர்த் திட்டங்களின் பம்பிங் லைனிலும் இதே கணக்குதான்: மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் மட்டம் 18 மீட்டர் மேலே இருந்தால், பம்பு நின்றிருக்கும்போது அடியில் உள்ள கேஜ் 1.8 காட்ட வேண்டும். காசு செலவில்லாமல் கேஜைச் சோதிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கிளிசரின் நிரப்பிய கேஜ் எப்போது தேவை?

அதிர்வு, துடிப்பு, ஈரம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் வாங்குங்கள். ஹைட்ராலிக் பிரஸ், பிளஞ்சர் பம்பு, கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளின் பிரேக் ஹைட்ராலிக் யூனிட் எல்லாம் இதில் வரும். கிளிசரின் முள்ளின் ஆட்டத்தைத் தணிக்கும், பல்லுக்கு எண்ணெயாகவும் இருக்கும். குற்றாலச் சாரல் வீசும் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் வெறும் கேஜின் கண்ணாடிக்குள் பனி படரும். நிரப்பிய கேஜில் படராது.

நிரப்பிய கேஜை மாட்டியதும் மேலே உள்ள ரப்பர் மூடியின் நுனியை வெட்டிவிட வேண்டும், அல்லது திறப்பு நெம்பை "திற" பக்கம் திருப்ப வேண்டும். அனுப்பும்போது சிந்தாமல் இருக்கத்தான் அதை மூடி அனுப்புகிறார்கள். மூடியபடியே விட்டால் வெயிலில் கிளிசரின் விரிந்து பெட்டிக்குள் அழுத்தம் ஏறும், முள் பூஜ்யத்துக்குக் கீழே இழுக்கும். 0–4, 0–6 போன்ற சிறிய ரேஞ்சில் இது நன்றாகத் தெரியும். கேஜ் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

ஆக்ஸிஜன், குளோரின் லைனில் கிளிசரின் கேஜ் கூடவே கூடாது. கசிந்து கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆக்ஸிஜனுக்கு எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, "எண்ணெய் கூடாது" என்று டயலில் குறித்து வரும் கேஜ்தான் வேண்டும். அதை எண்ணெய்ப் பம்பில் வைத்துச் சோதிக்கவும் கூடாது.

முள் படபடவென்று ஆடுகிறது. கிளிசரின் போட்டும் நிற்கவில்லை.

கேஜுக்கு முன்னால் ஸ்னப்பர் போடுங்கள். மிகச் சிறிய துளை வழியாக அழுத்தத்தை உள்ளே விடும் பொருத்தி அது. ஊசி வால்வு இருந்தால் கிட்டத்தட்ட மூடிவைத்தாலும் அதே வேலை நடக்கும். முழுவதும் மூடிவிடாதீர்கள், முள் செத்ததுபோல அசையாமல் நின்றால் வால்வை ஒரு நூல் திறக்க வேண்டும். அழுக்கு எண்ணெயில் ஸ்னப்பர் அடைபடும், அதையும் பராமரிப்புப் பட்டியலில் சேருங்கள்.

மெஷினே அதிருகிறது என்றால் கேஜை மெஷினிலிருந்து பிரித்துச் சுவரில் பொருத்தி, ஹோஸ் அல்லது மெல்லிய செம்புக்குழாய் கொண்டு இணைப்பதே சரியான தீர்வு. அமோனியாவுக்கு மட்டும் செம்புக்குழாய் கூடாது.

ஐஸ் பிளாண்டில் பித்தளைக் கேஜ் ஏன் வெடிப்பு விடுகிறது?

அமோனியா செம்புக் கலவைகளை அரித்து, இழுவிசை உள்ள இடத்தில் விரிசல் விட வைக்கும். போர்டன் குழாய் எப்போதும் இழுவிசையில் இருப்பது. ஆகவே குழாய், வாய், உள் இயக்கம் எல்லாமே எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஆக இருக்க வேண்டும். வெளிப்பெட்டி மட்டும் எஸ்.எஸ். என்றால் போதாது, கேஜைக் கையில் வாங்கியதும் திரெட் பக்கத்தைப் பாருங்கள், மஞ்சளாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கம்பரசர் உறிஞ்சும் சக்ஷன் பக்கம் வெற்றிடமும் காட்டும் காம்பவுண்ட் கேஜ் வேண்டும். மைனஸ் 15 டிகிரியில் அமோனியா ஆவியாகும்போது சக்ஷன் சுமார் 1.35 பார் நிற்கும். 40 டிகிரியில் குளிர்ந்து திரவமானால் கம்பரசர் வெளித்தள்ளும் டிஸ்சார்ஜ் பக்கம் சுமார் 14.5 பார், அங்கே 25 வரை உள்ள டயல். கண்டன்சர் (அமோனியாவைக் குளிர்வித்துத் திரவமாக்கும் பகுதி) அழுக்கடைந்தால் முதலில் சொல்வது இந்த டிஸ்சார்ஜ் கேஜ்தான், ஆகவே இதைக் கெட்டுப்போக விடாதீர்கள்.

தூத்துக்குடி, திருச்செந்தூர், கூடங்குளம் எனக் கடலோரம் முழுக்க உப்புக்காற்று. எஸ்.எஸ். 304 பெட்டியில் பழுப்புப் புள்ளிகள் விழும். 316 வாங்குங்கள், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

அமிலம், காஸ்டிக் சோடா, உப்புக்குழம்பு, சர்க்கரைப்பாகு மாதிரிப் பொருள்களுக்கு?

டயாஃப்ரம் சீல். மெல்லிய தகடு ஒன்று பொருளைத் தடுத்து நிறுத்தும். தகடுக்கும் கேஜுக்கும் இடையே எண்ணெய் நின்று அழுத்தத்தைக் கடத்தும். தகடு எதனால் ஆனது என்பதுதான் கேள்வி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எஸ்.எஸ். 316 தாங்காது, டான்டலம் என்ற உலோகத் தகடு அல்லது பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) பூச்சு கேளுங்கள். அமிலத்துக்கு நல்லது என்று வாங்கிய டான்டலத்தைச் சூடான காஸ்டிக் லைனுக்கு மாற்றாதீர்கள், அங்கே அது அரிக்கும்.

சீலையும் கேஜையும் சேர்க்கும் திருகை எந்தக் காரணத்துக்காகவும் கழற்ற வேண்டாம். ஒரு துளி எண்ணெய் போனாலும் உள்ளே காற்று புகுந்து அளவு குறைத்துக் காட்டும். பிறகு வெற்றிடத்தில் வைத்துத்தான் நிரப்ப முடியும், பட்டறையில் முடியாது.

மாட்டும்போது கசிகிறது. டெஃப்லான் டேப் பத்துச் சுற்றுச் சுற்றியும் நிற்கவில்லை.

திரெட்டைப் பாருங்கள். பி.எஸ்.பி. நேர்த்திரெட் என்றால் டேப் அடைக்காது. அடியில் செம்பு அல்லது ஃபைபர் வாசர் வைத்து அது அமர்வதில்தான் கசிவு நிற்கும். என்.பி.டி. கூம்புத் திரெட் என்றால் டேப் வேண்டும்: கடிகார முள் சுற்றும் திசையில் இரண்டு மூன்று சுற்று, நுனித் திரெட்டை விட்டு. நுனியில் சுற்றினால் துண்டு கிழிந்து உள்ளே போய்த் துளையை அடைக்கும்.

அரை இஞ்சில் பி.எஸ்.பி.யும் என்.பி.டி.யும் இஞ்சுக்கு 14 புரிதான். ஆகவே ஒன்று மற்றொன்றில் சில சுற்று ஏறிவிடும், சரியாகப் பொருந்திவிட்டதுபோல் தோன்றும். புரிக்கோணம் 55, 60 என்று வேறு. இறுக்க இறுக்கத் திரெட் சிதையும், கசிவு நிற்காது. கால் இஞ்சில் 19, 18 என்று புரியே வேறு.

இறுக்குவது எப்போதும் வாயின் சதுரத்தில் ஸ்பேனர் போட்டு. பெட்டியைப் பிடித்துத் திருகினால் உள்ளே இருக்கும் குழாயும் சேர்ந்து முறுகும், முள் அங்கேயே நகர்ந்துவிடும். பிறகு வால்வை மெல்லத் திறங்கள். சட்டென்று திறந்தால் பாய்ந்துவரும் தண்ணீரின் அடியை வாங்கி முள் சுற்றி முடிவுத்தடையில் மோதும்.

சொட்டுநீர்ப் பாசனத்தில் கேஜ் அவசியமா? கிலோ காட்டி என்ன ஆகப்போகிறது?

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அளவு வேண்டும். சுத்தமான ஃபில்டரில் வித்தியாசம் 0.2, 0.3 கிலோதான் இருக்கும். 0.5 ஆனால் கழுவுங்கள். இரண்டு கேஜ் வாங்காதீர்கள். இரண்டின் பிழையும் சேர்ந்து வித்தியாசத்தையே விழுங்கிவிடும். 0–4 கேஜ் ஒன்றும் மூவழிக் காக் ஒன்றும் போட்டு, இரு பக்கத்தையும் ஒரே முள்ளில் படியுங்கள். உரத்தொட்டி திறந்திருக்கும்போது கேஜ் காக்கை மூடிவிடுங்கள், உரநீர் பித்தளையை அரிக்கும்.

கேலிப்ரேஷன் (அளவுச் சரிபார்ப்பு) எப்போது, எப்படி?

பாதுகாப்பு சார்ந்த கேஜுக்கு ஆறு மாதம், மற்றதுக்கு ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கைக்குச் சான்று வேண்டுமென்றால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகம். உள்ளே சரிபார்ப்பதற்கு இரண்டு கேஜுக்கும் ஒரே அழுத்தம் தரும் ஒப்பீட்டுப் பம்பும், சோதிக்கும் கேஜைப் போல நான்கு மடங்கு துல்லியமுள்ள மாஸ்டர் கேஜும் போதும்.

0, 25, 50, 75, 100 சதவீதம் என ஐந்து இடங்களில் ஏற்றிப் படியுங்கள், பிறகு இறக்கிப் படியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கண்ணாடியை விரலால் லேசாகத் தட்டிவிட்டுப் படிக்க வேண்டும். 0–10, வகுப்பு 1 கேஜுக்கு அனுமதி ±0.10. ஏறும்போது 5.00க்கு 5.05 காட்டி, இறங்கும்போது அதே இடத்தில் 5.12 காட்டினால் கேஜ் தேறாது. ஏற்றத்தை மட்டும் எழுதிவைக்கும் சான்றிதழில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

டெட்வெயிட் டெஸ்டர் (எடைக்கற்களை வைத்து அழுத்தம் உண்டாக்கும் சோதனைக் கருவி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: எடைகள் 9.80665 என்ற தர ஈர்ப்புக்குச் செய்யப்பட்டவை என்றால், நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள திருநெல்வேலியில் ஈர்ப்பு சுமார் 9.781தான். எடையில் எழுதியிருப்பதைவிட உண்மை அழுத்தம் சுமார் 0.26 சதவீதம் குறைவாக இருக்கும். வகுப்பு 1.6 கேஜுக்கு இதைப் பொருட்படுத்த வேண்டாம். வகுப்பு 0.25 மாஸ்டர் கேஜுக்குத் திருத்தம் போடாமல் விட்டால், அந்த ஒன்றிலேயே அனுமதித்த பிழை தீர்ந்துபோகும்.

முள் பூஜ்யத்துக்கு வரவில்லை. முள்ளைக் கழற்றிச் சரியான இடத்தில் குத்திவிட்டால் ஆயிற்றா?

முதலில் ஐந்து இடத்திலும் படித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு, உதாரணமாக 0.2, கூடுதலாக இருந்து, அழுத்தம் எல்லை தாண்டிய வரலாறும் இல்லையென்றால், முள் நகர்ந்திருக்கிறது. எடுத்துச் சரியாகப் பொருத்தலாம். பிழை மேலே போகப்போகக் கூடினால் இணைப்புத் தகட்டைச் சரிசெய்ய வேண்டும், அது தெரிந்த ஆளின் வேலை.

அழுத்தம் எல்லை தாண்டிப் போய், பிறகு முள் பூஜ்யத்துக்கு மேலே நிற்கிறது என்றால் குழாய் நிரந்தரமாக நிமிர்ந்துவிட்டது. அந்தக் கேஜில் முள்ளை மாற்றிக் குத்துவது குற்றம் என்றே சொல்வோம். பூஜ்யம் சரியாகத் தெரியும். உலோகம் தளர்ந்திருக்கிறது, அடுத்த ஏற்றத்தில் பிளக்கலாம். தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று: பல கேஜ்களில் பூஜ்யத்தில் ஒரு தடை ஊசி இருக்கும். முள் அதன்மேல் சாய்ந்து நின்றால் "பூஜ்யம் சரி" என்று நினைத்துவிடுவோம். அது மைனஸ் 0.5இல் இருக்க வேண்டிய முள்ளாகவும் இருக்கலாம். சிறிது அழுத்தம் கொடுத்து, முள் எந்த அளவில் ஊசியை விட்டு எழுகிறது என்று பாருங்கள்.

கேஜ் பிளந்தால் ஆளுக்கு ஆபத்தா?

காற்று, வாயு, உயர் அழுத்த ஹைட்ராலிக் என்றால் நிச்சயம் ஆபத்து. அங்கே முன்பக்கம் டயலுக்குப் பின்னால் கெட்டித் தடுப்புச் சுவரும், பின்பக்கம் பறந்து திறக்கும் மூடியும் உள்ள பாதுகாப்பு வகை கேஜ் வாங்குங்கள். குழாய் பிளந்தால் வேகம் பின்னால் போகும், ஆள் நிற்கும் பக்கம் வராது. அந்த மூடியைச் சுவரோடு ஒட்டிப் பொருத்தினால் பயனே இல்லை; பின்னால் குறைந்தது ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

ஸ்பேர் கேஜை எப்படி வைத்திருப்பது?

அதன் பெட்டியிலேயே, நிமிர்த்தி, வாய்க்கு மூடி போட்டு, பாயிலர் அறைக்கு வெளியே. கிளிசரின் கேஜின் திறப்பை மூடியே வைக்கவும். பெட்டிமேல் ரேஞ்ச், திரெட், எந்த மெஷினுக்கு, கடைசியாகச் சோதித்த தேதி என நான்கையும் எழுதுங்கள். இரவு ஷிப்டில் டார்ச் வெளிச்சத்தில் தேடுகிற ஃபிட்டர் திரெட் அளவைத்தான் முதலில் பார்ப்பார், அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.